அறுபது நாள் கெடு: கனடாவில் மறுபடியும் எல்.எல்.ஆர்!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறியவருக்கு அறுபது நாள் அவகாசம். சென்னையிலோ திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய ஓட்டுநர் உரிமத்துக்கு அதுவரைதான் அங்கே மதிப்பு. பத்து வருடமாகக் கார் ஓட்டியவராக இருக்கட்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையை ராத்திரியில் அளந்தவராக இருக்கட்டும், அறுபத்தோராம் நாள் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டால் அது குற்றம். வீடு பார்ப்பது, வேலை தேடுவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது என்று ஓடும் முதல் இரண்டு மாதத்தில் இந்தக் கெடு வந்த சுவடே தெரியாமல் தீர்ந்துவிடுகிறது.

‘அதான் இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிட்டு வந்திருக்கேனே, ஒரு வருஷம் செல்லுமே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். ஆர்.டி.ஓ. அலுவலகம் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகம், 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி தரப்படுவது. நம் உரிமத்தில் இருப்பதை மற்ற நாட்டார் படித்துப் புரிந்துகொள்வதற்கான ஆவணம் அது. தனி உரிமம் கிடையாது. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது உதவும். அங்கேயே குடியேறியவருக்கு அறுபது நாள்தான் கணக்கு.

டொரன்டோவையும் அதைச் சுற்றியுள்ள நகரங்களையும் எடுத்துக்கொண்டு இந்தக் கதையைப் பார்ப்போம். தமிழர்கள் பெருமளவில் வாழும் இடம் அது. ஒவ்வொரு விமானத்திலும் புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் மோதும் சுவர்களில் ஒன்று இந்த உரிமம்.

கார் இல்லாவிட்டால் என்ன?

டொரன்டோவின் மையப்பகுதியில் இருப்பவருக்குச் சுரங்க ரயிலும் டிராமும் போதும். நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் பகுதிகள் வேறு மாதிரி. வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், கடையிலிருந்து கிளினிக்குக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கார் வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே கட்டப்பட்ட ஊர்கள் அவை. ஸ்கார்பரோவுக்கு என்றிருந்த இலகு ரயில் பாதையும் 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் அது ஓடவே இல்லை. மாற்றாக விடப்பட்டது பேருந்துதான். ஜனவரிக் குளிரில் கைக்குழந்தையோடு பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் நிற்பது எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

வேலைக்கும் உரிமம்தான் திறவுகோல். முதியோரை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பராமரிக்கும் வேலையில் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே நாளில் மூன்று நான்கு வீடுகளுக்குப் போகவேண்டிய வேலை அது. கட்டட வேலை, கிடங்கு வேலை, விடியற்காலை ஷிஃப்ட் எதுவானாலும் ‘வண்டி இருக்கிறதா, லைசென்ஸ் இருக்கிறதா’ என்ற கேள்வி வருகிறது. உரிமம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு வரவேண்டிய சம்பளம் குறைகிறது.

மூன்று படிகள்

ஒன்டாரியோவில் சாதாரண காருக்கான முழு உரிமத்தின் பெயர் ‘ஜி’. அதற்கு முன்னால் ஜி1, ஜி2 என்று இரண்டு படிகள். 1994 ஏப்ரலில் வந்த முறை இது. புதிதாக ஓட்டத் தொடங்குபவர்தான் அதிகம் விபத்தில் சிக்குகிறார். இரவு, அதிவேக நெடுஞ்சாலை, மது ஆகியவை அந்த ஆபத்தைப் பல மடங்காக்குகின்றன. ஆகவே ஒரே நாளில் முழுச் சாலையையும் திறந்துவிடாமல், படிப்படியாக அனுமதிக்கிறார்கள்.

ஜி1 என்பது நம் எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் போன்றது. முதலில் கண் பரிசோதனை, அடுத்து எழுத்துத் தேர்வு. கேள்விகள் 40. சாலைக் குறியீடுகள் பற்றி 20, விதிகள் பற்றி 20. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 16 சரியாக இருக்கவேண்டும். ஒன்றில் இருபதுக்கு இருபது எடுத்து, மற்றதில் பதினைந்தில் நின்றால் தேர்ச்சி இல்லை. இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்கும் இனிப்பான செய்தி. ஆங்கிலம் வராது என்ற தயக்கத்தில் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கி நிற்கும் அம்மாக்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

ஜி1 கையில் இருந்தால் தனியாக ஓட்டமுடியாது. முழு உரிமம் பெற்று, குறைந்தது நான்கு ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்து இருக்கையில் இருக்கவேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டக்கூடாது. 401, 404 போன்ற நானூறு வரிசை நெடுஞ்சாலைகளில் ஏறக்கூடாது. ரத்தத்தில் மது துளியும் இருக்கக்கூடாது. இந்த நிலையில் 12 மாதம் இருந்தபின்தான் ஜி2 சாலைத் தேர்வு. அரசு அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் படித்தால் இந்தக் காத்திருப்பு 8 மாதமாகக் குறையும். வகுப்பறையில் 20 மணி நேரம், வண்டியில் 10 மணி நேரம், வீட்டுப்பாடம் 10 மணி நேரம் என்பது அந்தப் படிப்பு.

ஜி2 வந்துவிட்டால் தனியாக ஓட்டலாம், நெடுஞ்சாலையிலும் போகலாம். அதற்குப் பிறகும் 12 மாதம் கழித்துத்தான் ஜி தேர்வு. அதில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி, தடம் மாறி, இறங்கிக் காட்டவேண்டும். ஜி1 வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் எல்லாவற்றையும் முடிக்காவிட்டால் மறுபடியும் முதல் படி.

ஊரிலிருந்து வரவேண்டிய ஒரு கடிதம்

ஏற்கெனவே வண்டி ஓட்டிய அனுபவம் இருப்பவர் இவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. எழுத்துத் தேர்வும் கண் பரிசோதனையும் அவருக்கும் உண்டு. அதன்பின், சொந்த நாட்டில் ஓட்டிய காலத்தை முறையான ஆவணத்தோடு காட்டினால், அந்தக் காலம் கழித்துக்கொள்ளப்படும். இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவம் நிரூபணமானால் நேராக ஜி தேர்வுக்கே போகலாம்.

சிக்கல் அந்த ஆவணத்தில்தான். பர்ஸில் இருக்கும் ஸ்மார்ட் கார்டை மட்டும் நீட்டினால் முழு அனுபவமும் கணக்கில் வராது. உரிமம் முதலில் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, எந்த வகை வண்டிக்கு, இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதை உரிமம் கொடுத்த அலுவலகமோ தூதரகமோ எழுத்தில் உறுதிசெய்யவேண்டும். தமிழ்நாட்டு உரிமத்துக்கு ‘டி.எல். எக்ஸ்ட்ராக்ட்’ என்ற சான்று உண்டு. போக்குவரத்துத் துறையின் சாரதி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஊரில் இருக்கும்போது வாங்கிக்கொள்வது எளிது. விமானம் ஏறியபின் வாங்க நினைத்தால், அண்ணனோ மச்சானோ அலுவலகத்துக்கு அலைந்து, கூரியர் போட்டு, தூதரகத்துக்குப் போய் என்று மாதங்கள் ஓடிவிடும். காத்திருக்கும் அந்த மாதங்களில் மனிதர் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார், அல்லது துணிந்து சட்டத்தை மீறுகிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளின் உரிமத்தோடு வருபவர், போதிய அனுபவம் இருந்தால் தேர்வே எழுதாமல் அதை ஒன்டாரியோ உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. ஒரே குடும்பத்தில் பிறந்து, ஒருவர் லண்டன் வழியாகவும் மற்றவர் கொழும்பு வழியாகவும் வந்தால் இருவருக்கும் இரண்டு விதி. இதில் மனம் கசப்பது இயல்பு. ஆனால் தேர்வு நடத்தும் முறையில் நாடுகள் ஒன்றன்மீது ஒன்று வைக்கும் நம்பிக்கையைப் பொறுத்தது இது. நம் ஊரில் உரிமம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பது நமக்கே தெரியும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் மைதானத்தில் சில நிமிடம் ஓட்டிக் காட்டியதை வைத்து, இன்னொரு நாடு தன் சாலையைத் திறந்துவிடாது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் எண்ணிக்கையிலும் இருக்கிறது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். அதே ஆண்டு கனடா முழுவதிலும் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 1,900 பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் லட்சத்துக்கு இந்தியாவில் ஏறத்தாழ 12 பேர், கனடாவில் 5 பேர். வீட்டுக்கு வீடு கார் இருக்கும் நாட்டின் கணக்கு அது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நன்றாக ஓட்டுபவர் ஏன் தோற்கிறார்?

நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் முதல் சாலைத் தேர்வில் தோற்றுவிட்டு, ‘வேணும்னே ஃபெயில் பண்ணிட்டாங்க’ என்று வருந்துவதை அங்குள்ள தமிழ்ப் பயிற்றுநர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கியர், கிளட்ச், ஸ்டியரிங் எதிலும் அவர்களுக்குக் குறை இருக்காது. தேர்வாளர் கவனிப்பதோ அவர்கள் தலையை.

தடம் மாறுவதற்கு முன்னால் உள்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, அதற்கும் பிறகு தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணாடியில் விழாத மூலையில் ஒரு சைக்கிளோ காரோ இருக்கலாம் என்பதால் இந்த மூன்றாவது பார்வை. நம் ஊரில் அந்த மூலையில் இருப்பவர் ஹாரன் அடித்துத் தன் இருப்பைச் சொல்லிவிடுவார். நாமும் காதை நம்பியே ஓட்டிப் பழகிவிட்டோம். கனடாவில் ஹாரன் என்பது ஆபத்துக்கு மட்டும். பார்க்கவேண்டிய பொறுப்பு முழுவதும் ஓட்டுபவருடையது. அதனால்தான் ஸ்கார்பரோவின் ஈழத்துப் பயிற்றுநர்கள் முதல் நாளிலிருந்து ‘தலையைத் திருப்பிப் பாருங்கோ’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தால் தேர்வாளருக்குத் தெரியாது, மதிப்பெண் போய்விடும்.

குடியிருப்புத் தெருக்களின் நாற்சந்திக்கு வருவோம். சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது. நான்கு பக்கமும் சிவப்பு எண்கோணப் பலகையில் ‘ஸ்டாப்’ என்று எழுதியிருக்கும். யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால், வலப்பக்கம் இருப்பவருக்கு முதல் உரிமை. இவ்வளவுதான் விதி. நம்மவர்கள் தவறுவது ‘நிற்பது’ என்பதில். வேகத்தைக் குறைத்து, யாரும் இல்லை என்று கண்டு, சக்கரம் உருண்டுகொண்டே இருக்கக் கடந்துவிடுகிறார்கள். அங்கே அது நின்றதாகாது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் சக்கரம் அசையாமல் நின்று, வண்டி தன் எடையில் ஒரு முறை பின்னால் சாய்வதை உடம்பு உணரவேண்டும். அதற்குப் பிறகு இடம், வலம், மறுபடி இடம் பார்த்துப் புறப்படவேண்டும். தெருவே வெறிச்சோடிக் கிடந்தாலும் இதே முறைதான். தேர்வில் இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் பயனில்லை.

மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து அடுத்த பாடம். அதன் சிவப்பு விளக்குகள் மினுங்கத் தொடங்கி, பக்கவாட்டில் ‘ஸ்டாப்’ பலகை விரிந்துவிட்டால், பின்னால் வரும் வண்டிகள் மட்டுமல்ல, எதிரே வரும் வண்டிகளும் நிற்கவேண்டும். நடுவில் தடுப்புத் திட்டு இருக்கும் சாலையில் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு. பின்னால் வருபவர் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். முதல் முறை மீறினாலே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம், உரிமத்தில் ஆறு குற்றப் புள்ளிகள். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்காக இரண்டு பக்கத்துப் போக்குவரத்தும் உறைந்து நிற்கும் காட்சியைப் பார்க்கும்போது, இந்தச் சட்டங்களின் உயிர் எங்கே இருக்கிறது என்று விளங்கும்.

இவற்றோடு, உடம்பு மறக்கவேண்டிய பழக்கங்களும் உண்டு. ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையின் வலப்பக்கத்தில் ஓட்டவேண்டும். இண்டிகேட்டர் கம்பி இடக்கையில் இருக்கும். பழக்கதோஷத்தில் வலக்கை கம்பியைத் தட்ட, வெயிலில் வைப்பர் ஓடும். இடப்பக்கம் திரும்புவதுதான் இப்போது எதிர்வரும் வண்டிகளைக் கடக்கும் பெரிய திருப்பம். சிவப்பு விளக்கில் முழுதாக நின்றுவிட்டு, தடைப்பலகை இல்லாத இடத்தில், வலப்பக்கம் திரும்பலாம். இதெல்லாம் சில வாரப் பயிற்சியில் கைவந்துவிடும். தேர்வு நடக்கும் தெருக்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள் உரிமம் வாங்கிவிடலாம். முதல் பனிப்பொழிவில் மாட்டிக்கொள்வார்கள்.

காப்பீடு என்னும் இரண்டாவது வாசல்

உரிமம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் காப்பீட்டுக் கட்டணம் வந்து நிற்கும். ஒன்டாரியோவில் குறைந்தது 2,00,000 டாலருக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறைக்கே 5,000 முதல் 25,000 டாலர் வரை அபராதம். டொரன்டோ வட்டாரத்தில் புதிய ஓட்டுநருக்குக் கேட்கும் மாதக் கட்டணம் பலருக்கும் அதிர்ச்சி தரும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் பல நிறுவனங்கள் குறைத்துக்கொள்கின்றன. குளிர்கால டயர் போட்டால் அதற்கும் தள்ளுபடி உண்டு. ஊரில் ஓட்டிய அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாலு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

மற்ற நாடுகளில்…

பிரிட்டனில் நம் உரிமத்தை 12 மாதம் பயன்படுத்தலாம். அதன்பின் அங்கே முறைப்படி தேர்வு. எழுத்துத் தேர்வில் 50க்கு 43 எடுக்கவேண்டும். வரப்போகும் ஆபத்தை வீடியோவில் பார்த்துக் கண்டுபிடிக்கும் பகுதியில் 75க்கு 44. தமிழில் குரல் உதவியோடு எழுதும் வசதி 2014 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது.

ஜெர்மனியில் அவகாசம் 6 மாதம். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். சாலைத் தேர்வில் தேர்வாளர் பேசுவது ஜெர்மன் மொழியில்.

சுவிட்சர்லாந்தில் 12 மாதத்துக்குள் நிபுணர் ஒருவரோடு ஒரு முறை ஓட்டிக் காட்டவேண்டும். அதில் தவறினால் மறுவாய்ப்பு இல்லை. புதிதாகக் கற்பவரைப் போல முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

சிங்கப்பூரில் கார் உரிமத்தை மாற்ற அடிப்படை எழுத்துத் தேர்வில் 50க்கு 45 வாங்கவேண்டும்.

வீட்டில் இருக்கும் அவர்

இந்தக் கெடுபிடியில் அதிகம் இழப்பது யார்? குடும்பத்தின் முதல் உரிமம் பெரும்பாலும் கணவருக்கு. வேலை அவருக்கு உடனே வேண்டும் என்பதால் அது சரிதான். இரண்டாவது உரிமம் ‘குளிர் போகட்டும்’, ‘குழந்தை வளரட்டும்’, ‘இன்னொரு கார் வாங்கட்டும்’ என்று தள்ளிப்போகிறது. ஊரில் ஸ்கூட்டியில் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்வந்த பெண், அங்கே பால் வாங்கவும் கணவரின் ஷிஃப்ட் முடியக் காத்திருக்கிறார். பிள்ளைக்குப் பள்ளியில் காய்ச்சல் என்று போன் வந்தால் யாரையாவது கெஞ்சவேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் நிலைமை சரியில்லாத பெண்ணுக்கோ, வெளியே போக வழியில்லை என்பதே பெரிய விலங்கு.

வீட்டில் இருக்கும் பெண் தேர்வு எழுத மொழி தடையில்லை, தமிழிலேயே எழுதலாம். பணமும் பெரிய தடையில்லை. ஜி1 எழுத்துத் தேர்வு, ஜி2 சாலைத் தேர்வு, ஐந்தாண்டு உரிமம் எல்லாம் சேர்ந்த கட்டணம் சுமார் 160 டாலர். உண்மையான தடை, பயிற்சி எடுக்கப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாதது. நான்கு ஆண்டு அனுபவத்தோடு முழு உரிமம் உள்ளவர் வேண்டும் என்கிறது சட்டம். புதிதாக வந்த குடும்பத்துக்கு அப்படி ஒருவரைத் தெரிந்திருக்காது. கணவரே ஜி2வில் இருப்பார். அவர் உட்கார்ந்தால் செல்லாது. மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துப் பயிற்றுநரை மட்டுமே நம்பினால் பயிற்சி சொற்பமாகிவிடும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வெளிநாடு போகத் தயாராகும் குடும்பங்களுக்கு முதலாவது: துணிமணி, மசாலா, மருந்துச்சீட்டு எடுத்து வைக்கும் அதே வாரத்தில் உரிமச் சான்றையும் வாங்கிவிடுங்கள். கணவர், மனைவி இருவர் பெயரிலும் வாங்குங்கள். ஒருவருக்கு உரிமம் இல்லையென்றால், ஊரிலேயே ஒழுங்காகக் கற்று வாங்கிவிட்டுப் புறப்படுங்கள். போகும் நாட்டின் அரசு இணையதளத்தில் இன்றைய விதியைச் சரிபாருங்கள். உறவினர் சொல்லும் விதி அவர் போன காலத்து விதியாக இருக்கலாம்.

இரண்டாவது வேண்டுகோள் அங்கே முன்பே வேரூன்றிவிட்ட தமிழர்களுக்கு. கோயிலில், தமிழ்ப் பள்ளியில், அடுக்குமாடியின் லிஃப்டில் புதிதாக வந்த ஒரு குடும்பத்தை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்துவிட்டு, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் அவர்கள் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். முதலில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு உட்காருங்கள். உங்களுக்கு அது ஒரு மணி நேரம். அவர்களுக்கு அது வேலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், சுதந்திரம்.